சிலந்திகளின் உலக வரைபடம்: பரவலும் காலநிலையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சிலந்தி இனம் ஓரிடத்தில் இருக்கிறது, அதே மாதிரியான பக்கத்து இடத்தில் இல்லை. காலநிலைதான் காரணமா?

இருக்கலாம். ஆனால் அதை முதல் விடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் கேட்க வேண்டியது, அந்த இனத்தால் அங்கே போய்ச் சேர முடிந்ததா என்பது. அடுத்தது, போய்ச் சேர்ந்தால் அங்குள்ள வெயிலையும் குளிரையும் ஈரத்தையும் தாங்கி முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்குமா என்பது. இரையும் எதிரிகளும் போட்டியாளர்களும் சூழ நிலைத்து நிற்குமா என்பது மூன்றாவது. இவற்றில் ஒன்று தவறினாலும் வரைபடத்தில் அந்த இடம் காலியாகவே இருக்கும்.

காலி இடத்தைப் பார்த்ததுமே ‘இங்கே குளிர் அதிகம்’ என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை. பல இனங்களுக்கு அந்த இடம் முழுக்கப் பொருந்தியே இருக்கும், போகும் வழிதான் கிடைத்திருக்காது. சரக்குப் பெட்டிக்குள் ஒட்டிக்கொண்டு போன சிலந்திகள் புதிய கண்டத்தில் சில ஆண்டுகளிலேயே பெருகிவிடுவது அதற்குச் சான்று.

சிலந்தியே இல்லாத இடம் உண்டா?

அன்டார்க்டிகாவின் நிலப்பரப்பில் நிலையாக வாழும் சிலந்தி எதுவும் இல்லை. அதைச் சூழ்ந்த தெற்குக் கடலில் உள்ள தெற்கு ஜார்ஜியா, கெர்குலன் போன்ற குளிர்ந்த தீவுகளில் உண்டு. திறந்த கடலிலும் சிலந்திகள் வாழ்வதில்லை. மற்றபடி பாலைவனம், குகை, நன்னீர்க் குளம், அலையடிக்கும் பாறை இடுக்கு எதையும் அவை விட்டுவைக்கவில்லை. பெயரிடப்பட்ட இனங்களின் எண்ணிக்கை 2022 ஏப்ரலில் 50,000-ஐத் தொட்டது.

இறக்கை இல்லாத சிலந்தி எப்படிப் பறக்கிறது?

நூலை வைத்துத்தான். ஆங்கிலத்தில் பலூனிங் என்று சொல்லப்படும் இந்தப் பழக்கம் ஒரு வரிசையில் நடக்கிறது. சிலந்தி புல் நுனி, வேலிக்கம்பு, கிளையின் முனை போன்ற உயரமான இடத்துக்கு ஏறும். முன்னங்கால்களைத் தூக்கிச் சில நொடிகள் காற்றைச் சோதிக்கும். பிறகு எட்டுக் கால்களின் நுனியிலும் எம்பி நின்று, வயிற்றை மேல்நோக்கித் தூக்கி நூலை விடும். இழுவிசை போதுமான அளவு வந்ததும் பிடியை விடும்.

நண்டுச் சிலந்திகளை வைத்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு இதன் அளவுகளைத் தெளிவாக்கியது. ஒரு தடவைக்கு 50 முதல் 60 மெல்லிழைகள், ஒவ்வொன்றும் சராசரியாக 3 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம், தடிமன் சுமார் 200 நானோமீட்டர். இவ்வளவு மெல்லிய இழைக்குக் காற்று மிகவும் பிசுபிசுப்பான திரவம்போல் நடந்துகொள்கிறது. இழை காற்றை வெட்டிக்கொண்டு போவதில்லை, காற்றோடு ஒட்டிப் போகிறது. 20 மில்லிகிராம் எடையுள்ள சிலந்திகூட மெல்லிய மேல்நோக்கிய காற்றில் எழும்புவதற்கு இதுதான் காரணம்.

காற்று வேகம் ஏறத்தாழ நொடிக்கு 3 மீட்டருக்குள் இருந்தால்தான் பெரும்பாலான சிலந்திகள் நூல் விடும். புயலில் சிலந்திகள் பறந்து போகும் என்று நினைப்பது தவறு. பலத்த காற்றின் சுழல் இழைகளைச் சிக்கலாக்கிக் கீழே தள்ளிவிடும். இரவில் குளிர்ந்த தரையைக் காலை வெயில் சூடாக்கி, வெப்பக் காற்று மெல்ல எழும் தெளிவான நாள்தான் ஏற்ற நாள். வயல்வெளி முழுதும் ஒரே நாளில் வெள்ளை நூல் போர்த்தியதுபோல் தெரிவது அப்படிப்பட்ட நாள்களில்தான்.

காற்றுக்குத் துணையாக மின்புலமும் உண்டு. தெளிவான வானிலையில் தரைக்கு அருகே மீட்டருக்கு சுமார் 100 வோல்ட் அளவில் வளிமண்டல மின்புலம் இருக்கிறது. இலை நுனிகளில் அது இன்னும் கூடும். காற்றே இல்லாத பெட்டிக்குள் எரிகோன் பேரினச் சிறுசிலந்திகளை வைத்து மின்புலத்தை இயக்கியபோது அவை எம்பி நின்று நூல் விட்டு மேலெழுந்தன, நிறுத்தியதும் கீழிறங்கின. இதுவும் 2018-இல் வெளியான ஆய்வுதான். கால்களில் உள்ள நுண்ணிய உணர்மயிர்கள் இந்தப் புலத்துக்கு அசைகின்றன.

எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம்?

பெரும்பாலான பறத்தல்கள் சில மீட்டரிலிருந்து சில நூறு மீட்டருக்குள் முடிந்துவிடுகின்றன. ஆனால் உலக வரைபடத்தை மாற்றுவது அரிதாக நடக்கும் நெடும்பயணங்கள். 1926 முதல் 1931 வரை அமெரிக்காவின் லூசியானாவில் விமானத்தில் பொறி கட்டிப் பூச்சிகளைச் சேகரித்தபோது, 15,000 அடி உயரத்தில், அதாவது ஏறத்தாழ 4,500 மீட்டரில், ஒரு சிலந்தி கிடைத்தது. 1832-இல் பீகிள் கப்பல் தென் அமெரிக்காவின் பிளாட்டா ஆற்று முகத்துக்கு வெளியே கரையிலிருந்து சுமார் 60 மைல் தொலைவில் இருந்தபோது, பாய்மரக் கயிறுகளில் ஏராளமான சிறுசிலந்திகள் வந்து ஒட்டியதை டார்வின் பதிவு செய்தார்.

கிரகடோவா எரிமலை 1883 ஆகஸ்ட்டில் வெடித்துத் தீவின் உயிர்களை அழித்தது. ஒன்பது மாதம் கழித்து, 1884 மே மாதம் அங்கே இறங்கிய குழுவுக்குக் கண்ணில் பட்ட ஒரே உயிர் ஒரு மிகச் சிறிய சிலந்தி. செடி முளைப்பதற்கு முன்பே வேட்டையாடும் உயிர் வந்துவிட்டது.

கடலில் விழுந்தால் செத்துவிடுமா?

எல்லாம் சாவதில்லை. பறக்கும் பழக்கமுள்ள பல இனங்கள் நீரில் விழுந்தால் கால்களையோ வயிற்றையோ தூக்கிப் பாய்போல் பிடித்து, காற்றில் நீர்மேல் சறுக்கிப் போகின்றன. நூலை நீரில் இழுக்கவிட்டு வேகத்தைக் குறைக்கவும் செய்கின்றன. உப்புநீரிலும் இது நடப்பதை 2015-இல் வெளியான சோதனைகள் காட்டின. ஆகவே கடல் என்பது பறக்கும் இனங்களுக்கு முழுத் தடையாக இருப்பதில்லை.

எல்லாச் சிலந்திகளும் பறக்குமா?

இல்லை. வரைபடங்கள் இத்தனை விதமாக இருப்பதற்கு இந்த வேறுபாடே முதல் காரணம். பறப்பவற்றில் பெரும்பாலானவை 1 மில்லிகிராம் அளவிலான குஞ்சுகளும், லினிஃபிடே குடும்பத்துக் குறுஞ்சிலந்திகளும். பின்னவை முதிர்ந்த பிறகும் பறக்கும். வட துருவத்தை நெருங்க நெருங்க மற்றக் குடும்பங்கள் குறைந்து, இந்தக் குறுஞ்சிலந்திகளின் பங்கு கூடிக்கொண்டே போகிறது.

விதிவிலக்குகளும் உண்டு. ஆப்பிரிக்காவில் கூட்டமாக வாழும் ஸ்டெகோடிஃபஸ் டுமிகோலா இனத்தில், சுமார் 100 மில்லிகிராம் எடையுள்ள முதிர்ந்த பெண் சிலந்திகளே நூற்றுக்கணக்கான இழைகளை முக்கோணத் திரைபோல் விரித்து எழும்பியது பதிவாகியிருக்கிறது.

மண்ணில் குழி தோண்டி மூடி போட்டு வாழும் பொறிக்கதவுச் சிலந்திகளிலும் டரான்டுலாக்களிலும் பெரும்பாலானவை பறப்பதில்லை. குஞ்சு தாயின் குழியிலிருந்து சில மீட்டர் நடந்து தன் குழியைத் தோண்டும், அவ்வளவுதான். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1974 முதல் கண்காணிக்கப்பட்ட ஒரு பெண் பொறிக்கதவுச் சிலந்தி ஒரே குழியில் 43 ஆண்டுகள் வாழ்ந்து 2016-இல் இறந்தது. இப்படிப்பட்ட இனத்தின் வாழிடத்தை ஒருமுறை உழுதுவிட்டால், பக்கத்துக் காட்டிலிருந்து அது திரும்பி வரும் என்று எதிர்பார்க்க முடியாது. பொறிக்கதவுச் சிலந்திகளும் டரான்டுலாக்களும் சேர்ந்த இதே பழைய கிளையிலும் அடைபஸ், மிஸ்சுலீனா, உம்மீடியா ஆகிய பேரினங்களின் குஞ்சுகள் நூல் விட்டுப் பறக்கின்றன. எனவே குடும்பப் பெயரை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வேண்டாம்.

ஒரே இனத்துக்குள்ளும் பறக்கும் விருப்பம் மாறும். பசியும் நெரிசலும் அதைக் கூட்டும். எரிகோன் அட்ரா என்ற குறுஞ்சிலந்தியில் ரிக்கட்சியா என்ற பாக்டீரியா தொற்றிய பெண் சிலந்திகள் நெடுந்தூரம் பறக்க முற்படுவது குறைந்தது. துண்டு துண்டான மணல்மேடு போன்ற தனிவாழிடங்களை மட்டுமே நம்பியுள்ள இனங்களும் குறைவாகவே பறக்கின்றன. அந்தச் சிறு துண்டை விட்டுக் கிளம்பினால் பொருந்தாத இடத்தில் விழும் வாய்ப்பே அதிகம் என்பதால், பறக்காதவையே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்திருக்கின்றன.

பறக்காத சிலந்திகள் கடல் தாண்டிய இரு கண்டங்களில் இருப்பது எப்படி?

இரண்டு வழிகள். கண்டங்கள் ஒன்றாக இருந்தபோதே பரவி, நிலம் பிரிந்தபோது தாமும் பிரிந்திருக்கலாம். அல்லது மரம், மண்கட்டி, தாவரத் திரளோடு கடலில் மிதந்து போயிருக்கலாம். எது நடந்தது என்பதை மரபணு வேறுபாட்டை வைத்துப் பிரிந்த காலத்தைக் கணக்கிடுவதுதான் பிரித்துக் காட்டும்.

ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் வாழும் மோக்ரிட்ஜியா ரெயின்போவி என்ற பொறிக்கதவுச் சிலந்தியின் நெருங்கிய உறவினங்கள் ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் பிரிந்ததே காரணம் என்றால் இரண்டும் 9 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்திருக்க வேண்டும். 2017-இல் வெளியான மரபணு ஆய்வில் அவை 20 லட்சம் முதல் 1.6 கோடி ஆண்டுகளுக்குள் பிரிந்தவை என்று தெரிந்தது. மனிதர் கொண்டுவந்ததாக இருக்க அது மிகப் பழையது, கண்டம் பிரிந்ததாக இருக்க மிகப் புதியது. இந்தியப் பெருங்கடலை மிதந்தே கடந்திருக்கிறது. மூடியுள்ள குழி ஈரத்தைக் காப்பதும், உணவில்லாமல் நீண்ட காலம் தாக்குப்பிடிப்பதும் அதற்கு உதவியிருக்கும்.

மாறாக, ஆர்கீடே என்ற கழுத்து நீண்ட சிலந்திக் குடும்பம் முதலில் 1854-இல் பால்டிக் அம்பர் (இறுகிய பழங்கால மரப்பிசின்) புதைபடிவங்களிலிருந்துதான் விவரிக்கப்பட்டது. உயிருள்ள இனம் மடகாஸ்கரிலிருந்து 1881-இல்தான் அறிமுகமானது. இன்று அவை மடகாஸ்கர், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் மட்டுமே எஞ்சியுள்ளன. வயிற்றில் கட்டம் கட்டமான தகடுகளைக் கொண்ட லிபிஸ்டிடே குடும்பமும் இன்று கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் மட்டுமே வாழ்கிறது. அதே தொல்கிளையின் சுமார் 30 கோடி ஆண்டுப் பழமையான புதைபடிவம் பிரான்சில் கிடைத்திருக்கிறது. இன்றைய எல்லையை வைத்து இவை ‘இங்கேதான் தோன்றின’ என்று சொல்லியிருந்தால் முற்றிலும் பிழையாகியிருக்கும்.

தொலைதூரத் தீவுகளில் என்ன நடக்கிறது?

வந்து சேர்வது அரிது, சேர்ந்துவிட்டால் போட்டி குறைவு. ஹவாய்த் தீவுகளில் டெட்ராக்னதா பேரினம் இதற்குச் சிறந்த காட்சி. அங்குள்ள ஒரு கிளை வலை பின்னுவதையே விட்டுவிட்டு, கால்முட்களால் வேட்டையாடும் இனங்களாகப் பெருகியது. பச்சை, செம்பழுப்பு, பெரிய பழுப்பு, சிறிய பழுப்பு என நான்கு வடிவங்கள் வெவ்வேறு தீவுகளில் திரும்பத் திரும்பத் தோன்றியுள்ளன. பெரும்பாலும் பழைய தீவான கவாயிலிருந்து இளைய தீவுகளை நோக்கியே பரவல் நடந்திருக்கிறது.

குளிர் எங்கே எல்லை போடுகிறது?

சிலந்திகளில் பெரும்பாலானவை உடல் உறைந்தால் பிழைப்பதில்லை. எனவே உறையாமல் இருப்பதே அவற்றின் உத்தி. குளிர்காலத்துக்கு முன் குடலைக் காலி செய்து, உடல் நீரில் உறைதலைத் தடுக்கும் பொருள்களைச் சேர்த்து, சில இனங்கள் −20 டிகிரி செல்சியசுக்குக் கீழும் திரவ நிலையிலேயே உடலைக் காக்கின்றன. அதைவிட முக்கியமானது ஒளிந்துகொள்ளும் இடம். தடித்த பனிப்போர்வைக்குக் கீழே, இலைச்சருகில், வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டியே நிற்கும். மேலே காற்று −25 டிகிரி என்றாலும் கீழே உள்ள சிலந்திக்கு அது தெரியாது. இதனால்தான் பனி குறைந்த ‘மிதமான’ குளிர்காலம் சில இனங்களுக்குக் கடும் குளிரைவிட ஆபத்தானது.

இன்னொரு வரம்பு கோடையின் நீளம். பெரும் வட்டவலைச் சிலந்தி ஒன்று ஒரே கோடையில் வளர்ந்து, இணைந்து, முட்டையிட வேண்டும். நாள்கள் போதாவிட்டால், குளிரைத் தாங்க முடிந்தாலும் அந்த இனம் அங்கே நிலைக்காது. ஆர்க்டிக்கின் ஓநாய்ச் சிலந்திகள் முதிர இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு இந்தச் சிக்கலைத் தீர்க்கின்றன.

வெப்பமும் வறட்சியும்?

நமீப் பாலைவனத்தின் செயோத்ரா ஹென்ஷெலி, மணல் மேற்பரப்பு 65 டிகிரியைத் தாண்டியிருக்கும்போதும் இரை பிடிக்கிறது. அதன் உடல் அந்த வெப்பத்தைத் தாங்குவதில்லை. சில நொடிகள் மேலே வந்து இரையைப் பற்றி, குளிர்ந்த குழிக்குள் இறங்கிவிடுகிறது. குழி ஆழமாக இருக்கும்வரை பாலைவனம் அதற்கு வாழத்தக்க இடம்.

மழையும் இரையின் அளவும்கூட எல்லை போடும். கூட்டமாக வாழும் அனெலோசிமஸ் எக்சிமியஸ் தென் அமெரிக்காவின் தாழ்நில மழைக்காடுகளில் இருக்கிறது. அங்கே பெரிய பூச்சிகள் அதிகம், தனித்து வாழ்ந்தால் எறும்புகளின் தாக்குதலும் அதிகம். மலை ஏற ஏறப் பூச்சிகள் சிறுத்துவிடுவதால், அதே பேரினத்தின் சிறு குடும்பமாக வாழும் இனங்கள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன.

மிக உயரத்தில் வாழ்பவை எதைத் தின்கின்றன?

காற்று கொண்டுவந்து போடும் பூச்சிகளை. 1924 எவரெஸ்ட் பயணத்தின்போது 6,700 மீட்டரில் சேகரிக்கப்பட்ட குதிக்கும் சிலந்திக்கு 1975-இல் யூஃப்ரிஸ் ஓம்னிசுபர்ஸ்டெஸ் என்று பெயரிட்டார்கள்.

காலநிலை மாறும்போது எவை நகர்கின்றன, எவை மாட்டிக்கொள்கின்றன?

பறப்பவை நகர்கின்றன. மஞ்சள் கறுப்புப் பட்டைகளுடைய ஆர்ஜியோப் புரூனிக்கி ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பெரும்பாலும் மத்தியதரைக்கடல் பகுதியோடு நின்றிருந்தது. கடந்த நூறு ஆண்டுகளில் அது ஸ்காண்டினேவியா, பால்டிக் நாடுகள்வரை போயிருக்கிறது. இதை வெறும் வெப்பமயமாதல் என்று சொன்னால் பாதிக்கதைதான். வடக்கே போனவற்றில் கிழக்கே வாழும் அதே இனக் கூட்டங்களின் மரபணுக்கள் கலந்துள்ளன. அவை உடலில் சிறியவை, குளிரைக் கூடுதலாகத் தாங்குபவை. சூடு ஏறியது கலப்புக்கு வழி திறந்தது, கலப்பு இன்னும் குளிரான நிலத்துக்கு வழி திறந்தது.

இடம் மாறாமல் வாழ்க்கையை மாற்றிக்கொள்பவையும் உண்டு. வடகிழக்கு கிரீன்லாந்தின் சாக்கன்பெர்க்கில் பார்டோசா கிளேசியாலிஸ் பெண் சிலந்திகள், பனி சீக்கிரம் உருகிய ஆண்டுகளில் ஒரே கோடையில் இரண்டாம் முறையும் முட்டைப்பை வைக்கின்றன.

மாட்டிக்கொண்டவற்றுக்கு எடுத்துக்காட்டு அமெரிக்காவின் தெற்கு அப்பலாச்சிய மலை உச்சிகளில் வாழும் மைக்ரோஹெக்சுரா மான்டிவாகா. 4 மில்லிமீட்டருக்கும் குறைந்த இந்தச் சிலந்தி, ஏறத்தாழ 1,600 மீட்டருக்கு மேல், பாறைமேல் படர்ந்த ஈரப்பாசியின் அடியில் மட்டும் வாழ்கிறது. அயலிலிருந்து வந்த அசுவினி வகைப் பூச்சி ஃபிர் மரங்களைக் கொன்றபோது நிழல் போய்ப் பாசி காய்ந்தது. 1995-இல் அது அழிவாபத்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஓர் உச்சியிலிருந்து இன்னோர் உச்சிக்குப் போக அது சூடான பள்ளத்தாக்கைக் கடக்க வேண்டும். அதனால் முடியாது. பாதுகாப்புக்கான கவனம் முதலில் இப்படிப்பட்டவற்றுக்குத்தான் போக வேண்டும்.

மனிதர்கள் கொண்டுபோனவை எவை?

ஏராளம். ஆஸ்திரேலியச் சிவப்புமுதுகுச் சிலந்தி 1995-இல் ஜப்பானின் ஒசாகாவில் கண்டுபிடிக்கப்பட்டது. கனேரி, மடெய்ரா தீவுகளின் ஸ்டியடோடா நோபிலிஸ் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பரவிவிட்டது. கிழக்காசியாவின் ட்ரைகோனெஃபிலா கிளவட்டா 2010-களில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தெரியவந்தது. அங்கே முன்பே இருக்கும் அதன் உறவினத்தைவிடத் திடீர் உறைபனியை நன்றாகத் தாங்குவதால் இன்னும் வடக்கே போகும் வாய்ப்பு உண்டு. வீட்டுக்குள் வாழும் இனங்களுக்கு வெளிக் காலநிலை எல்லையே இல்லை, சூடேற்றிய கட்டடம் போதும்.

பரவல் வரைபடம் தயாரிக்கும்போது எங்கே தவறு நடக்கிறது?

பதிவுகளிலேயே தொடங்குகிறது. பெரும்பாலான இனங்களை முதிர்ந்த சிலந்தியின் பாலுறுப்பைப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். இளம் சிலந்தியின் புகைப்படத்தை வைத்துப் போட்ட பெயரை ஒதுக்குங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை இடம் மாறியவை, 0,0 என்று விழுந்தவை, சேகரித்த இடத்துக்குப் பதில் அருங்காட்சியகத்தின் இடத்தைக் காட்டுபவை ஆகியவற்றை நீக்குங்கள். சாலையோரத்தில் குவிந்த பதிவுகளை, 10 கிலோமீட்டருக்கு ஒன்று என்பதுபோல் மெலிதாக்குங்கள். இல்லையென்றால், பதிவுகளையும் காலநிலையையும் பொருத்தி இனம் வாழக்கூடிய இடங்களைக் கணிக்கும் கணினி மாதிரி, சாலையின் காலநிலையைத்தான் கற்றுக்கொள்ளும்.

வேர்ல்ட்கிளிம் என்ற உலகக் காலநிலைத் தரவில் 19 காலநிலை மாறிகள், சுமார் 1 கிலோமீட்டர் கட்டங்களில் கிடைக்கின்றன. பத்தொன்பதையும் போடாதீர்கள். ஒன்றோடொன்று 0.7-க்கு மேல் ஒட்டுறவுள்ளவற்றில் உயிரியல் பொருள் உள்ள ஒன்றை மட்டும் வையுங்கள். 25 பதிவுதான் இருக்கிறது என்றால் இரண்டு மூன்று மாறிகள் போதும்.

பின்னணிப் பரப்பை, அதாவது பதிவிடங்களோடு மாதிரி ஒப்பிட்டுப் பார்க்கும் நிலப்பகுதியைத் தேர்வதில்தான் பரவல் உள்ளே வருகிறது. அந்த இனம் போய்ச் சேரக்கூடிய பகுதியை மட்டும் பின்னணியாக எடுங்கள். எட்டவே முடியாத கண்டத்தைச் சேர்த்தால், அது அங்கே இல்லாததற்கு மாதிரி காலநிலையைக் குற்றம் சொல்லும். மாதிரியின் துல்லிய மதிப்பெண்ணும் பொய்யாக உயரும். சோதனைக்கான பதிவுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுக்காமல், நிலப்பரப்பைத் தொகுதிகளாகப் பிரித்து ஒரு தொகுதியை முழுதாக ஒதுக்கிச் சோதியுங்கள்.

கடைசியாக, 1 கிலோமீட்டர் கட்டம் பாசிக்கு அடியில் என்ன நடக்கிறது என்று சொல்லாது. இரண்டு வெப்பப் பதிவுக் கருவிகள் வையுங்கள். ஒன்று நிழல்கூடு போட்டு 1.5 மீட்டர் உயரத்தில், மற்றொன்று சிலந்தி வாழும் சருகு அல்லது குழிக்குள். நிழல்கூடு இல்லாவிட்டால் கருவி காற்றின் வெப்பத்துக்குப் பதில் வெயிலில் சூடான தன் உடலையே அளக்கும்.

ஓர் இனம் பறக்குமா என்பதைச் சோதிப்பது எப்படி?

தண்ணீர் நிரப்பிய தட்டில் மெல்லிய குச்சிகளைச் செங்குத்தாக நிறுத்தி, சிலந்தியைக் குச்சியில் விடுங்கள். சிறு விசிறியால் நொடிக்கு 1 முதல் 2 மீட்டர் வேகத்தில் காற்றுத் தாருங்கள். ஒவ்வொரு சிலந்திக்கும் ஒரே அளவு நேரம், 10 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்பி நின்று வயிற்றைத் தூக்குவது நெடும்பறத்தலின் அடையாளம். நூலில் தொங்கி, அந்த நூல் அடுத்த குச்சியில் ஒட்டியதும் அதன்மேல் நடந்து போவது குறுந்தூர நகர்வு. இரண்டையும் தனித்தனியே எண்ணுங்கள்.

பிளாஸ்டிக் தட்டிலும் குச்சியிலும் தேங்கும் நிலைமின்சாரம் முடிவைக் கெடுக்கும், ஆகவே மரக்குச்சி பயன்படுத்தித் தட்டை நிலத்தொடர்பில் (எர்த்) வையுங்கள். எல்லாச் சிலந்திகளும் கடைசியாக எப்போது தின்றன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பசித்த தொகுதியையும் உண்ட தொகுதியையும் கலந்துவிட்டால், நீங்கள் அளப்பது இனத்தின் பழக்கத்தை அல்ல, அதன் பசியை.